கண் தெரியவில்லை என்று நிரூபிக்க வேண்டிய நாய்

எங்கள் நாய்க்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. கலியாணமாகி மூணாறு மலைக்கு வந்த புதிதில் நான் ஆசைப்பட்டு வைத்த பெயர். வைத்த பிறகுதான் எங்கள் கங்காணிக்கும் அதே பெயர் என்று தெரிந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அத்தனை பேர் நடுவில் அந்தப் பெயரைச் சொல்லி, "ச்சீ, தள்ளிப் போ சனியனே" என்று நான் கத்தினால் அப்புறம் எனக்கு மலையில் எந்த மூலை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அதை "இந்தா" என்று கூப்பிட்டே பழகிவிட்டேன். வீட்டுக்காரரை "இந்தாங்க" என்பேன். மலைக்காற்றில் அந்த "ங்க" பாதி நாள் போய்ச் சேராது. நான் வாசலில் நின்று குரல் கொடுத்தால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் வருவது எப்போதும் நாய்தான்.

வருவது என்றா சொன்னேன்? அது பாய்ந்து வரும். காது இரண்டும் பின்னால் மடிந்துவிடும். பின்னங்கால் முன்னங்காலை முந்தப் பார்க்கும். என் காலடியில் வந்து நிற்கத் தெரியாமல் என்னையும் தாண்டிப் போய்த் திரும்பி வரும். என்னைப் பார்த்து இந்த உலகத்தில் வேறு எந்த உயிரும் அப்படி ஓடி வந்ததில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனால் பேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் நாள் முழுக்க நின்று அவரும் பாதி வாடித்தான் வீட்டுக்கு வருவார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், மழை ஓய்ந்த சமயத்தில், நாய்க்குப் பசி பிடித்தது. சாதாரணப் பசி இல்லை. என் கஞ்சியைத் தின்றுவிட்டு அடுத்த வீட்டு அக்காவின் மீன்தலைக்குப் போகும். அங்கே முடிந்ததும் திரும்பி வந்து, தின்னவே இல்லை என்பது போல என் முகத்தைப் பார்க்கும். அக்காவும் நானும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் குடியிருந்தோம். அவள் வேதக்காரி, மாதா சுரூபத்துக்கு முன்னால் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். ஒருநாள் அணைந்து கிடந்த அந்த மெழுகுவர்த்தியையும் நாய் தின்றுவிட்டது. தண்ணீர் குடிப்பதைக் கேட்கவே வேண்டாம். மாடு குடிக்கிற தொட்டியில் மாட்டை விலக்கிவிட்டுக் குடித்தது. உடம்பு ஊறி, முதுகு மினுமினுத்தது. எங்கள் லயத்தில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த அந்த வீடுகளில், ஆளாளுக்கு அதைத் தட்டிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரே பெருமை. பிள்ளை இல்லாதவள் நாய் வளர்த்தாலும் நன்றாகத்தான் வளர்க்கிறாள் என்று காட்டிவிட்டேன் அல்லவா!

அப்புறம் ஒரு காலையில் எழுந்து நேராகப் போய்த் தண்ணீர் டிரம்மில் முட்டியது.

"தூக்கக் கலக்கம்" என்றார் வீட்டுக்காரர். சொல்லி முடிப்பதற்குள் அவர் காலிலேயே வந்து முட்டியது. முந்தின நாள் சாயங்காலம்வரை கோழி துரத்திய நாய் அது. அன்றைக்கு மூக்குக்குக் கீழே கோழி மேய்ந்தது, அதற்குத் தெரியவில்லை. கோழிக்கு அது உடனே தெரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் லயத்துக் கோழி முழுவதும் நாய்த்தட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன.

ஆனால் மனுஷர்கள் ஒருவரும் நம்பவில்லை. காரணம் அதன் கண். வெள்ளை விழவில்லை, பீளை இல்லை, சிவப்பு இல்லை. கருமணி கொஞ்சம் அகன்று, முன்னைவிட அழகாக, மை போட்ட மாதிரி இருந்தது. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் வாசம் பிடித்துக் கையை நக்கும். "பாத்தியா, கண்ணு தெரியுதுல்லா?" என்பார்கள். நான் சத்தமில்லாமல் வாசம் எட்டாத தூரத்தில் நின்று ஒரு ரொட்டித் துண்டைத் தூக்கி அதன் முன்னால் அசைத்தேன். மெழுகுவர்த்தியையே விடாத நாய் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன்.

ரொம்ப வருஷம் கழித்து, தேனியில் ஒரு மாட்டு டாக்டரிடம் இதைச் சொன்னபோது, நாய்களுக்கு இப்படி ஒரு நோய் உண்டு என்றார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் காட்சி விழுகிற திரை ஒன்று இருக்கிறதாம். நோய் வந்தால் எதிர்த்துச் சண்டை போட வேண்டிய உடம்பின் காவலே சில சமயம் ஆள் தெரியாமல் அந்தத் திரையை அடித்துவிடுமாம். சிலதுக்கு அதுதான் காரணமா என்று இன்னும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். முன்பக்கம் பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும். பசியும் தாகமும் முன்னாலேயே வந்து கதவைத் தட்டும். போன பார்வை அநேகமாகத் திரும்பாது. வேலியே பயிரை மேய்ந்த கதை. நான் அந்தப் பசியை ஆரோக்கியம் என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே காரணம் கண்ணேறு. மிளகாயும் உப்பும் காலடி மண்ணும் எடுத்து நாய்க்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் திருஷ்டி உறுதி. அடுத்த நிமிஷம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏட்டி, நேத்து நாந்தான் 'நாய் நல்லா ஊறிட்டு'ன்னு சொன்னேன். நீ மொளகா சுத்துதது என் கண்ணுக்குத்தானே?"

"உங்களைச் சொல்லுவேனாக்கா? ஊருல வேற கண்ணே இல்லையா?"

"இருக்கும் இருக்கும். அதுக்குன்னு எஞ்சுவரு பக்கமா நின்னா சுத்தணும்?"

கோபம் இல்லை என்று காட்ட அவள் நாய்க்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். இந்த முறை எட்டாத உயரத்தில். நான் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டேன். கண்ணில் கோளாறு என்றால் வெள்ளித் தகட்டில் செய்த இரண்டு கண்ணை அம்மனுக்குச் சாத்துவது எங்கள் வழக்கம். பூசாரி யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். தட்டை வாங்க நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டார்.

"நாய்னா அது பைரவரு பாத்துக்கிடுத விசயம். அம்மன் அதுல தலையிட மாட்டா."

"இந்த மலையில பைரவரு எங்க இருக்காரு?"

"இல்லதான். அதுக்கு அம்மன் என்ன செய்வா?"

அக்கா தன் பக்கம் கேட்டுப் பார்த்தாள். ஆடு மாடுகளை மந்திரிப்பதற்கு வருஷத்தில் ஒருநாள் இருக்கிறது, அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வா என்று மாதா கோவிலில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நாள் அப்போதுதான் போயிருந்தது. இதை எல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "ஆக, எஸ்டேட்டு மாதிரி மேலயும் டிவிஷன் டிவிஷனாத்தான் பிரிச்சு வச்சிருக்கான்" என்றார். மறுநாள் நாயின் கஷ்டம் என்னவென்று பார்க்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு முற்றத்தில் நடந்து சாக்கடையில் விழுந்தார். அதற்கு மேல் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, பாவம்.

கடைசியில் உதவியது லயம்தான். யார் முதலில் சொன்னது என்று ஞாபகமில்லை, ஆனால் ஒரு சட்டம் வந்துவிட்டது. முற்றத்தில் எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்க வேண்டும். விறகு அடுக்கு, ஆட்டுரல், கோழிக்கூடு, குழாயடி வாளி, எதையும் நகர்த்தக் கூடாது. புதுமாப்பிள்ளை ஒருவன் பழக்கதோஷத்தில் பெஞ்சை வெயில் பக்கம் திருப்பிப் போட்டதற்கு அவனை மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து திட்டினார்கள். ஒரு வாளிக்காக இரண்டு வீடு பேச்சை விட்டன. இந்த ஒழுங்கு அரசாங்கத்தில் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும். நாய் ஒவ்வொன்றாக முட்டி, மோந்து, மனசில் வாங்கிக்கொண்டது. மார்கழி வருவதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. "இந்தா" என்றால் ஆட்டுரலைச் சுற்றி, கோழிக்கூட்டை விலக்கி, படியை ஒரே தாவாகத் தாவி, பழையபடி என்னைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்.

காலையில் மலைக்குப் போகும்போது மூடுபனி முகத்தில் அப்பிக்கொள்ளும். முன்னால் போகிறவள் கூடை தெரியாது. அந்தப் பனியில் நாய் எங்களுக்கு முன்னால் நடக்கும், நாங்கள் வரிசையாகப் பின்னால் போவோம். கண்ணுள்ள பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் கண் தெரியாத நாயை நம்பிப் போனோம். ஒருத்தி கூடப் பள்ளத்தில் விழவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததை ஒரு ஜீப் கெடுத்தது. துரை, எங்கள் எஸ்டேட் மேனேஜர், வெள்ளைக்காரர் இல்லை, ஆனாலும் துரைதான், லயத்துக் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தார். வரவே மாட்டார் என்று நாங்கள் நினைத்திருந்த காரியத்துக்கு வந்தார். வந்தவர் ஜீப்பை முற்றத்துக்கு நடுவில் நிறுத்தினார். அங்கே அதற்கு முன்னால் எதுவுமே நின்றதில்லை. நான் கூப்பிட நாய் பாய்ந்து வந்து ஜீப் கதவில் தலையால் அடித்தது. சுருண்டு விழுந்து எழுந்து, மறுபடி அதே இடத்தில் அடித்தது. துரை அதை வெறி பிடித்த பேய்நாய் என்று பயந்து சீட்டின் மேல் ஏறி நின்றார்.

பேய்நாயை மலையில் விடக் கூடாது என்பது எஸ்டேட் சட்டம். கடிபட்டுச் செத்தவர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம், சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். காட்டுப்பன்றி சுடுகிற வேட்டைக்காரரை அனுப்புவார்கள். அவர் வருவார், சுடுவார், போவார். "அய்யா, பேயி இல்ல, அதுக்குக் கண்ணு தெரியாது" என்று நான் கெஞ்சினேன். துரை நியாயஸ்தர். குருட்டு நாயைச் சுட எனக்கு அதிகாரமில்லை, பேய்நாயைச் சுடாமல் விடவும் எனக்கு அதிகாரமில்லை, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூணாறு டவுனிலிருந்து மிருக டாக்டர், மலையாளத்துக்காரர், வந்தார். இந்தத் தடவை ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுத் துரை வந்தார். டாக்டர் சொன்னவுடன் வேலையை முடித்துவிடலாம் என்று வேட்டைக்காரரையும் துப்பாக்கியோடு கூட்டி வந்திருந்தார்கள். அவர் பக்கத்து லயத்துக்காரர், எங்களுக்குத் தெரிந்தவர், எத்தனையோ தடவை இந்த நாய்க்கே எலும்பு போட்டவர். சுட வந்தவருக்கு டீ கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கு ஒரு நிமிஷம் குழப்பமாக இருந்தது. வாசலுக்கு வந்த ஆளை எப்படிச் சும்மா நிறுத்துவது? கொடுத்தேன். கொஞ்சம் சீனி கேட்டார். நாய் வாசம் பிடித்துப் போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கருமணி சோம்பலாகக் கொஞ்சம் அசைந்தது. இமையைப் புரட்டினார், திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"கண்ணினு ஒரு கேடும் இல்லல்லோ" என்றார்.

"அப்போ ஜீப்ல ஏன் இடிச்சது?" என்றார் துரை.

"அதுதான் எனக்கும் மனசிலாகல."

"கண்ணு நல்லாயிருக்கு. நல்ல கண்ணோட ஜீப்ல ரெண்டு தடவ முட்டுதுன்னா மூளைதான் சரியில்ல. சரிதானே?"

டாக்டர் தோளைக் குலுக்கினார். அவரைச் சொல்லி என்ன? அந்த டார்ச்சுக்கு அவ்வளவுதான் தெரியும். வேட்டைக்காரர் டீயைச் சீக்கிரமாக உறிஞ்ச ஆரம்பித்தார். நாய்க்குக் கண் தெரிந்தால் அது சாக வேண்டும். கண் தெரியாவிட்டால் பிழைக்கும். என் நாய் குருடுதான் என்று நான் நிரூபித்தாக வேண்டும். கண் திரும்பி வர வேண்டும் என்று அத்தனை தெய்வத்திடமும் கையேந்தியவள் நான்.

"அய்யா, நடக்க விட்டுப் பாருங்க. நீங்களே சொல்லுவீக" என்றேன்.

துரை சரி என்றார். நாயை முற்றத்தின் அந்தக் கோடியில் கொண்டுபோய் விட்டார்கள். அது ஒருதரம் உடம்பை உதறிக்கொண்டது. அப்புறம் வந்தது பாருங்கள்! விறகு அடுக்கை உரசாமல், ஆட்டுரலைச் சுற்றி, வாளிக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் நூல் பிடித்தாற்போல நுழைந்து, என் வீட்டுத் தட்டில் போய்த் தண்ணீர் குடித்தது. லயமே பூரித்துப் போனது. தாங்கள் வளர்த்த பிள்ளை பாஸாகிவிட்ட மாதிரி பெண்கள் கையைத் தட்டினார்கள்.

"பாத்தியளா அய்யா, எவ்வளவு அழகா வருதுன்னு!" என்றாள் அக்கா.

அவளை அப்படியே கடித்துக் குதறலாம் போலிருந்தது. நாய்க்குப் பதிலாக என்னைச் சுட்டிருப்பார்கள்.

துரை வேட்டைக்காரரைப் பார்த்தார். வேட்டைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அப்போது எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. "எல்லாத்தையும் மாத்திப் போடுங்க! ஏக்கா, பாத்துக்கிட்டு நிக்கீகளே, மாத்திப் போடுங்க எல்லாத்தையும்!" என்று கத்தினேன்.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. அத்தனை மாதம் ஒரு பெஞ்சைத் தொடாதவர்கள் அல்லவா? அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. "அய்யோ, நம்ம நாயை நாமளே கொன்னுருவோம் போலிருக்கே" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடி அம்மிக்கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்புறம் லயமே புரண்டது. கட்டில் வந்தது, முறம் வந்தது, கொழுந்துக் கூடைகள் வந்தன, கோழிக்கூடு கோழியோடு நடந்தது. எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் பீரோ உண்டு, அதையும் நாலு பேர் தூக்கி வந்து நடுவில் நிறுத்தினார்கள். பேச்சை விட்டிருந்த இரண்டு வீட்டுக்காரிகளும் அந்த வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். துரை என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே ஒரு கட்டிலுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். வீட்டுக்காரர் பெஞ்சோடு வந்து, எங்கே போடுவது என்று என்னைக் கேட்டார். நான் குறுக்கே கையைக் காட்டினேன்.

நாயை மறுபடி அந்தக் கோடிக்குக் கொண்டுபோனார்கள். அது நகரவில்லை. இத்தனை சத்தத்தில் மிரண்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அக்கா கூப்பிட்டாள், வரவில்லை. வேட்டைக்காரர் கூட நாக்கால் சத்தம் செய்து பார்த்தார்.

"நீ கூப்புடு புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

நான் இந்தக் கோடியில் என் வாசலில் நின்றேன். நடுவில் லயத்தின் சாமான் எல்லாம் மலை மாதிரி கிடந்தது. நான் கூப்பிட்டால் அது வரும். வழி சரியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் வரும், கூப்பிடுவது நான் அல்லவா?

"இந்தா" என்றேன்.

காது பின்னால் மடிந்தது. பாய்ந்து வந்தது. ஆட்டுரல் முன்பு இருந்த இடத்தைச் சரியாகச் சுற்றி, அம்மிக்கல்லில் போய் அடித்தது. முதலில் யாரோ சிரித்தார்கள். எழுந்தது, வாலை ஆட்டியது, என் பக்கம் திரும்பி மறுபடி ஓடியது. கட்டில் காலில் அடித்தது. நான் நிறுத்தவில்லை. "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், நிறுத்தினால் அவர்கள் நம்ப மாட்டார்கள் என்று பயம். பீரோவில் அடித்த சத்தம் பேக்டரி வரைக்கும் கேட்டிருக்கும். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, முதுகு மாட்டி, விடுபட்டு, வாலை ஆட்டிக்கொண்டே வந்து என் காலில் முட்டியது. அன்றைக்கு அது என்னைத் தாண்டிப் போகவில்லை.

"மதி, மதி, போதும்" என்றார் துரை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜீப் பக்கம் நடந்தார். டாக்டர் குந்தி உட்கார்ந்து தன் கைக்குட்டையால் நாயின் மூக்கைத் துடைத்தார். வேட்டைக்காரர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடித்த டம்ளரைக் குழாயில் கழுவித் திண்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். நான் நாயைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது என் கன்னத்தில் வழிந்ததை எல்லாம் நக்கித் தின்றது, பசி மட்டும் போகவே இல்லை அதற்கு.

சாமான்களைத் திரும்ப வைப்பதற்குள் பெரிய சண்டை நடந்தது. ஆட்டுரல் இங்கே இருந்தது, இல்லை அங்கே இருந்தது என்று லயமே இரண்டாகப் பிரிந்தது. வாளிக்காரிகள் மறுபடி பேச்சை விட்டார்கள். பீரோவை எந்த வழியாக வெளியே கொண்டுவந்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை, வாசலில் நுழையவே மாட்டேன் என்றது. கதவைக் கழற்றித்தான் உள்ளே விட்டார்கள்.

நாய் அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தது. முற்றத்தைத் திரும்பவும் மனப்பாடம் செய்துகொண்டது. அக்கா வீட்டு மீன்தலைக்கு ஓடும், பேக்டரி சங்கு ஊதினால் வீட்டுக்காரரை எதிர்கொண்டு அழைக்க ஓடும், பனியில் எங்களுக்கு முன்னால் நடக்கும். எல்லாம் பழையபடிதான். நான் "இந்தா" என்றால் மட்டும் ஓடி வராது. நிற்கும். ஒரு முன்னங்காலை நீட்டி எதிரே தரையைத் தடவிப் பார்க்கும். அப்புறம் அடுத்த காலை எடுத்து வைக்கும். வெறும் முற்றத்தில், எதிரே ஒன்றுமே இல்லாத இடத்தில், தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொரு அடியாக என்னிடம் வரும்.

கொஞ்ச நாள் பார்த்தேன். அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். வேண்டுமென்றால் நானே எழுந்து அது படுத்திருக்கிற இடத்துக்குப் போனேன்.